வித்தையா, விதியா?

கைதேர்ந்தவரும் கற்றுக்குட்டியும் ஒரே மேஜையில் உட்காரும் விளையாட்டு போக்கர். அதைப் பாராட்டியதும் தில்லிதான், அதற்குப் பூட்டுப் போட்டதும் தில்லிதான்.

2018 ஜனவரியில் ராஷ்டிரபதி பவனில் ஒரு விழா. தத்தம் துறையில் முதலில் கால்பதித்த பெண்களை மத்திய அரசு கௌரவித்தது. அன்று ஜனாதிபதி ராம்நாத் கோவிந்திடம் விருது பெற்றவர்களில் ஒருவர் தில்லியைச் சேர்ந்த முஸ்கான் சேத்தி. அவருடைய துறை சீட்டாட்டம். போக்கரையே தொழிலாகக் கொண்ட முதல் இந்தியப் பெண் என்பதற்காகத்தான் அந்த விருது.

ஏழரை ஆண்டுகள் கழித்து, 2025 ஆகஸ்ட் 22 அன்று, பணம் கட்டி ஆடும் இணைய விளையாட்டுகள் அனைத்தையும் தடை செய்யும் மசோதாவுக்கு ஜனாதிபதியின் ஒப்புதல் கிடைத்தது. தடையில் போக்கரும் அடக்கம். சாதனை எப்படிக் குற்றமானது? பதில் தெரிய, முதலில் ஆட்டத்துக்குள் போக வேண்டும்.

லாஸ் வேகாஸில் 1970 முதல் நடந்துவரும் உலக போக்கர் தொடரின் முக்கியப் போட்டிக்கு நுழைவுக் கட்டணம் 10,000 டாலர். தேர்வுக் குழு கிடையாது. பணம் கட்டியவர் உலக சாம்பியனுக்கு எதிரிலேயே உட்காரலாம். தெருவில் கிரிக்கெட் ஆடியவருக்கு டெண்டுல்கருக்குப் பந்து வீசும் பாக்கியம் இப்படிக் கிடைத்ததில்லை.

எல்லோருக்கும் ஒரே அளவு சிப்ஸ் தருகிறார்கள். அவை தீர்ந்தால் வெளியேற வேண்டியதுதான். ஆளுக்கு இரண்டு சீட்டு, எல்லோருக்கும் பொதுவாக மேஜையில் ஐந்து சீட்டு. நேரம் ஆக ஆகக் கட்டாயப் பந்தயத் தொகை ஏறிக்கொண்டே போகும் என்பதால், சும்மா உட்கார்ந்து காலம் தள்ளவும் முடியாது.

இங்கேதான் இரண்டு ரகமும் பிரிகின்றன. தொழில்முறை ஆட்டக்காரர் தனக்கு வரும் சீட்டுகளில் பெரும்பாலானவற்றைப் பார்த்த மாத்திரத்தில் மடித்துவிடுவார். மற்றவர்களின் பந்தயத்தைக் கவனிப்பதுதான் அவருக்கு வேலை. மற்றவருக்கோ சலிப்பு தட்டிவிடும். ஆட வந்துவிட்டு எத்தனை நேரம்தான் மடித்துக்கொண்டே இருப்பது? கையில் இரண்டு ஏஸ் வருவது 221 முறைக்கு ஒருமுறைதான். வந்தாலும் வெற்றி நிச்சயமில்லை. எதிராளியிடம் இரண்டு ராஜா இருந்தால், நூற்றுக்கு ஏறத்தாழ எண்பது முறை ஏஸ் ஜெயிக்கும். மிச்சமுள்ள இருபதை நம்பித்தான் கற்றுக்குட்டிகள் வருகிறார்கள்.

அந்த நம்பிக்கைக்கு ஒரு பெயரும் உண்டு: கிறிஸ் மணிமேக்கர். பட்டப்பெயர் அல்ல, உண்மையான குடும்பப் பெயரேதான். அமெரிக்காவின் டென்னஸி மாநிலத்துக் கணக்காளரான இவர், 86 டாலர் கட்டி இணையத் தகுதிப் போட்டியில் ஜெயித்து, 2003ல் லாஸ் வேகாஸ் போய்ச் சேர்ந்தார். 839 பேரில் கடைசியாக மிஞ்சிய இருவரில் ஒருவர் அவர். மற்றவர் பழம் தின்று கொட்டை போட்ட சாம் ஃபார்ஹா. கையில் ஒரு ஜோடிகூடச் சேராத நிலையில் மணிமேக்கர் மொத்த சிப்ஸையும் முன்னால் தள்ளினார். ஜெயிக்கும் சீட்டு வைத்திருந்த ஃபார்ஹா நீண்ட யோசனைக்குப் பின் மடித்துவிட்டார். கணக்காளருக்குக் கிடைத்தது 25 லட்சம் டாலர். மறு ஆண்டு போட்டிக்கு வந்தவர்கள் 2,576 பேர். 2023ல் 10,043 பேர்.

இந்தியர்களும் சளைத்தவர்கள் அல்ல. 2017ல் நிபுண் ஜாவாவும் ஆதித்ய சுஷாந்தும் இணை ஆட்டத்தில் அந்தத் தொடரின் தங்கக் காப்பை வென்றார்கள். 2019ல் அபினவ் ஐயர். 2024ல் சந்தோஷ் சுவர்ணா இரண்டரை லட்சம் டாலர் கட்டணப் போட்டியில் ஜெயித்து 54 லட்சம் டாலர் அள்ளினார்.

கொட்டும் பணம் எங்கிருந்து வருகிறது? தோற்றவர்களின் பையிலிருந்துதான். இத்தகைய போட்டிகளில் நூற்றுக்குச் சுமார் 15 பேருக்கே பரிசு. நடத்துபவருக்கு மட்டும், யார் ஜெயித்தாலும், கமிஷன் நிச்சயம். தொழில்முறை ஆட்டக்காரர்களும் பல போட்டிகளில் வெறுங்கையோடுதான் திரும்புகிறார்கள். அதனால்தான் பலர் தங்கள் பங்கை முன்கூட்டியே பிறருக்கு விற்றுவிட்டு ஆட உட்காருகிறார்கள். பொழுதுபோக்குக்கு வருபவருக்கு அந்த முன்யோசனை இருப்பதில்லை.

நீதிமன்றங்கள் பல்லாண்டுகளாக வேறொரு கேள்வியில் சிக்கிக்கொண்டிருந்தன: இது திறமையா, அதிர்ஷ்டமா? ரம்மியில் திறமைக்கே முக்கிய இடம் என்று உச்ச நீதிமன்றம் 1968ல் சொன்னது. போக்கர் விஷயத்தில் ஊருக்கு ஒரு நியாயம். மேற்கு வங்கத்தின் 1957ஆம் ஆண்டுச் சட்டப்படி அது சூதாட்டமே அல்ல. குஜராத் உயர் நீதிமன்றத்துக்கு 2017ல் அது அதிர்ஷ்டம். சென்னை உயர் நீதிமன்றத்துக்கு 2023ல் திறமை. கல்கத்தாவில் வித்தை, அகமதாபாதில் விதி!

தமிழ்நாட்டில் இது வெறும் சட்ட விவாதமாக இருக்கவில்லை. இணைய ரம்மியில் பணத்தை இழந்தவர்களின் தற்கொலைச் செய்திகள் அடுத்தடுத்து வந்தன. நீதிபதி சந்துரு தலைமையிலான குழு 2022ல் தடையைப் பரிந்துரைத்தது. சட்டமும் வந்தது. ஆனால் ரம்மியையும் போக்கரையும் உயர் நீதிமன்றம் அதிலிருந்து விடுவித்தது. பிறகு 2025ல், நள்ளிரவு முதல் காலை 5 மணி வரை ஆடக் கூடாது என்று மாநில அரசு கொண்டுவந்த விதியை அதே நீதிமன்றம் ஏற்றது.

மத்திய சட்டம் பழைய வழக்கை ஒரே வரியில் ஓரங்கட்டியது. திறமையோ, அதிர்ஷ்டமோ, இரண்டும் கலந்ததோ, இணையத்தில் பணம் வைத்து ஆடினால் தடை. நடத்துபவருக்கு மூன்றாண்டுவரை சிறை, ஒரு கோடி ரூபாய்வரை அபராதம். ஆடுபவருக்குத் தண்டனை இல்லை. பெரிய நிறுவனங்கள் உடனே கடையைக் கட்டின. வழக்குகளும் கிளம்பின. தில்லி, கர்நாடகம், மத்தியப் பிரதேச உயர் நீதிமன்றங்களில் இருந்தவற்றை உச்ச நீதிமன்றம் 2025 செப்டம்பரில் தன்னிடமே மாற்றிக்கொண்டது. ஆடுபவர்கள் கண்காணிப்பே இல்லாத வெளிநாட்டுத் தளங்களுக்குப் போய்விடுவார்கள் என்பது எதிர்ப்பவர்களின் வாதம்.

வாதம் எப்படி முடிந்தாலும், மேஜைக்கும் செல்போனுக்கும் உள்ள வித்தியாசம் மாறாது. போட்டி மேஜையில் கற்றுக்குட்டி இழப்பது நுழைவுக் கட்டணம் மட்டுமே. சிப்ஸ் தீர்ந்ததும் எழுந்துபோகச் சொல்லிவிடுவார்கள். செல்போனில் இரவு இரண்டு மணிக்கு எழுந்துபோகச் சொல்ல ஆளில்லை. தில்லியின் புராண கிலா இருக்குமிடம்தான் இந்திரப்பிரஸ்தம் என்பார்கள். அதை ஆண்ட தருமர் ஆசைக்கு ஆடியவர், சகுனி கைதேர்ந்தவர். உருண்டது வித்தையா விதியா என்பதல்ல அங்கே விஷயம். நாடு போனது, தம்பிகள் போனார்கள், மனைவியையும் வைத்தார். "இத்தோடு போதும்" என்று நிறுத்தும் விதி அந்த ஆட்டத்தில் இல்லை.