சாயும், தொய்யும், கவிழும்! – கட்ட அலமாரியின் இயற்பியல்

ஓர் அட்டைப் பெட்டிக்குள் இருபது பலகைகள், ஒரு பை நிறையத் திருகாணிகள், நான்காக மடித்த ஒரு படத்தாள். இவ்வளவும் இருந்தால் போதும்; தச்சர் இல்லாமலேயே ஓர் அலமாரியை நாமே நிறுத்திவிடலாம். சதுரம் சதுரமாகக் கட்டங்கள் கொண்ட இத்தகைய அலமாரிகளை இன்று பல வீடுகளில் காண்கிறோம். ஸ்வீடன் நாட்டின் ஐக்கியா நிறுவனம் 1950களில் இம்முறையைக் கையாளத் தொடங்கி, பின்னர் உலகெங்கும் பரப்பியது. கழற்றிப் பூட்டும் பொருள் நமக்கும் புதிதன்று. கால்களில் சட்டங்களைச் செருகிப் பூட்டும் மரக்கட்டிலை நம் பாட்டனார் காலத்திலேயே கழற்றி மாட்டுவண்டியில் ஏற்றிச் சென்றார்கள் அல்லவா?

நெல்லிக்குப்பத்திற்கும் பண்ருட்டிக்கும் இடையில் இருக்கும் மேல்பட்டாம்பாக்கத்தில் என் வீடு. அங்கே இத்தகைய அலமாரி ஒன்றை வாங்கிப் பூட்டினேன். நான்கு வரிசைகள், வரிசைக்கு மூன்று கட்டங்கள். ஒவ்வொரு கட்டமும் 33 செ.மீ. சதுரம். ஆழம் 30 செ.மீ.; பலகையின் தடிப்பு 15 மி.மீ. படுக்கைத் தட்டுகள் ஒரு மீட்டருக்குச் சற்று அதிகமாக நெடுக ஓடும். அவற்றின் இடையே சிறு தடுப்புகள் நிற்கும். பூட்டிய அலமாரி அடைக்கும் இடத்தில் ஒன்பதில் ஒரு பங்கு இடமே அதன் பலகைகளை அடுக்கி வைக்கப் போதும் என்று கணக்கிட்டு மகிழ்ந்தேன்.

ஆனால் பூட்டும்போது என் விருப்பப்படி மூன்று மாற்றங்கள் செய்தேன். 'பின்னால்தான் சுவர் இருக்கிறதே' என்று மெல்லிய முதுகுப் பலகைகளை விட்டுவிட்டேன். தையல் இயந்திரம் வைப்பதற்காக இரண்டாம் வரிசையில் ஒரு தடுப்பை எடுத்துவிட்டு, இரு கட்டங்களை ஒன்றாக்கினேன். சுவரோடு பிணைக்கும் சிறு இரும்புப் பட்டைகளைத் தேவையற்றவை என எண்ணிக் கருவிப் பெட்டியில் போட்டேன்.

ஒரு வாரத்தில் அலமாரி பக்கவாட்டில் சாய்ந்தது. இரண்டு மாதத்தில் தட்டு தொய்ந்தது. தொய்வைக் கண்டு புத்தகங்களை எல்லாம் இறக்கி வைத்திருந்த ஒரு மாலையில், என் தங்கையின் நான்கு வயது மகன் மேலே இருந்த பொம்மைக்காகத் தட்டைப் பிடித்து இழுத்தான். வெறும் அலமாரி அவன்மேல் கவிழ்ந்தது. நான் அருகில் இருந்ததால் தாங்கிப் பிடித்தேன். கல்லூரியில் விசைகளையும் திருப்புத்திறனையும் கற்பிக்கும் எனக்கு அது பெரிய வெட்கம். அந்த மூன்று தவறுகளின் இயற்பியலையே இங்கு விளக்கப் போகிறேன்.

சாய்வது ஏன்?

ஒரு தீப்பெட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். உள்ளறையை வெளியே தள்ளிவிட்டு மேலுறையின் திறந்த வாய் உங்களைப் பார்க்கும்படி மேசைமேல் வையுங்கள். மேற்பக்கத்தை விரலால் பக்கவாட்டில் தள்ளுங்கள். உறை எளிதாகச் சாய்ந்துவிடும். இப்போது ஒரு வாயின்மேல் மட்டும் காகிதத் துண்டு ஒன்றை நான்கு விளிம்புகளிலும் பசை தடவி ஒட்டுங்கள். பசை காய்ந்தபின் மீண்டும் தள்ளிப் பாருங்கள். உறை அசைய மறுக்கிறது! ஒரு காகிதம் இவ்வளவு வலிமையை எங்கிருந்து கொண்டுவந்தது?

செவ்வகம் சாயும்போது இணைகரமாகிறது. அதன் பக்கங்களின் நீளம் மாறுவதில்லை; மூலைகளில் உள்ள கோணங்கள்தாம் மாறுகின்றன. ஆனால் மூலைவிட்டங்கள் இரண்டும் மாறுகின்றன. ஒன்று நீளும், மற்றது குறுகும். 33 செ.மீ. சதுரம் ஒன்றின் மேற்பக்கம் 1 செ.மீ. நகர்ந்தால், ஒரு மூலைவிட்டம் ஏறத்தாழ 7 மி.மீ. நீளவேண்டும். காகிதத்தை மடிப்பது எளிது. அதன் தளத்திலேயே இழுத்து நீட்டுவது மிகக் கடினம். ஆகவே அது சாய்வைத் தடுக்கிறது. 3 மி.மீ. முதுகுப் பலகை செய்யும் வேலையும் இதுவே.

முக்கோணத்தில் இந்தத் தொல்லையே இல்லை. பக்கங்களின் நீளம் மாறாமல் அதன் கோணங்கள் மாறமுடியாது. நெய்வேலி அனல்மின் நிலையங்களிலிருந்து வயல்வெளிகளைக் கடந்து செல்லும் உயரழுத்த மின்கோபுரங்களைப் பாருங்கள். மேலிருந்து கீழ்வரை குறுக்குச் சட்டங்கள் பின்னி முக்கோணங்களாகவே இருக்கும். சைக்கிளின் சட்டமும் அப்படித்தான். முதுகுப் பலகை ஆணியடிக்கப்பட்ட ஒவ்வொரு கட்டமும், கண்ணுக்குத் தெரியாத இரு முக்கோணங்களாகப் பிரிந்து நிற்கிறது என்று கொள்ளலாம்.

'மூலைகளில் திருகாணிகள் இருக்கின்றனவே, அவை போதாவா?' என்று நீங்கள் கேட்கலாம். போதா. தடுப்பு ஒரு நெம்புகோல் போல வேலை செய்கிறது. அதன் நீண்ட கை 33 செ.மீ.; பலகையின் தடிப்பாகிய குட்டைக் கையோ 1.5 செ.மீ. மட்டுமே. மேலே நாம் தள்ளும் விசை மூலையில் பல மடங்காகப் பெருகித் திருகாணியைப் பிடுங்கப் பார்க்கிறது.

திருகாணி பிடித்திருப்பதும் கெட்டி மரத்தை அன்று. இப்பலகைகள் மரத்துகள்களைப் பிசினோடு கலந்து, சூடாக்கி அழுத்திச் செய்த துகள்பலகைகள். மரத்துகளுக்குப் பதில் கரும்புச் சக்கையைக் கொண்டும் இவற்றைச் செய்யலாம். நெல்லிக்குப்பம் சர்க்கரை ஆலைக்குக் கரும்பு ஏற்றிச் செல்லும் லாரிகளை நாள்தோறும் காணும் எங்கள் ஊராருக்கு இது வியப்பான செய்தி. துகள்பலகையில் நீண்ட இழைகள் இல்லை. அளவுக்கு மீறித் திருகினால் துகள்கள் நொறுங்கும். ஒரே துளையில் மீண்டும் மீண்டும் திருகினால் பிடிப்பு தளரும். இதற்காகவே தச்சர்கள் 'மினிஃபிக்ஸ்' என்று சொல்லும் வட்டப் பூட்டு பயன்படுகிறது. அதன் உட்புற விளிம்பு மையம் விலகியது. அரைச்சுற்றுத் திருப்பினால் அடுத்த பலகையில் உள்ள முளையை இறுக இழுத்துக்கொள்ளும். வட்டமாகச் சுருட்டிய சாய்தளம் என்று இதைச் சொல்லலாம். இறுகியதும் நிறுத்திவிட வேண்டும்.

ஆகவே, எல்லாக் கட்டங்களுக்கும் முதுகு வேண்டாம் என்றாலும், ஒவ்வொரு வரிசையிலும் ஒரு கட்டத்திற்காவது முதுகுப் பலகை அவசியம். ஒரு வரிசையை விட்டாலும் அந்த வரிசை சாயும். ஆணியடிப்பதற்கு முன் மூலைவிட்டங்கள் இரண்டையும் நாடாவால் அளந்து பாருங்கள். இரண்டும் சமமாக இருந்தால் மூலைகள் செங்கோணம். மூலைமட்டம் இல்லாதவர்களுக்கு இதைவிடச் சிறந்த சோதனை இல்லை. நான்கு விளிம்புகளிலும் நெருக்கமாகச் சிற்றாணிகளை அடியுங்கள்.

தொய்வது ஏன்?

கல்லூரி ஆய்வுக்கூடத்தில் யங் குணகத்தைக் காணும் சோதனை ஒன்று உண்டு. மீட்டர் அளவுகோலை இரு கத்திமுனைகளின்மேல் படுக்க வைத்து, நடுவில் எடைகளைத் தொங்கவிட்டு, அது எவ்வளவு தாழ்கிறது என்பதை நுண்ணோக்கியால் அளப்பார்கள். மாணவர்கள் மனப்பாடம் செய்யும் அதன் சூத்திரம் கூறுவது இதுதான்: நடுவில் ஒரே எடை தொங்கும்போது, தாழ்வு நீளத்தின் முப்படிக்கு நேர்விகிதத்திலும், தடிப்பின் முப்படிக்கு எதிர்விகிதத்திலும் இருக்கும்.

புத்தகத் தட்டில் நிலைமை இன்னும் கடுமையானது. அங்கே நீளம் கூடினால் புத்தகங்களும் கூடுகின்றன. எனவே தாழ்வு நீளத்தின் நாற்படிக்கு நேர்விகிதத்தில் ஏறும். என் அலமாரியின் பலகைக்கே கணக்கிட்டுப் பார்ப்போம். துகள்பலகையின் யங் குணகம் சதுர மீட்டருக்கு 200 கோடி நியூட்டன் என்றும், ஒரு மீட்டர் நீளத்தில் 30 கிலோகிராம் புத்தகங்கள் என்றும், பலகை இருமுனைகளிலும் சும்மா தாங்கப்பட்டுள்ளது என்றும் கொள்வோம்.

தாங்கிகளின் இடைவெளி 33 செ.மீ. ஆனால் தாழ்வு 0.3 மி.மீ.க்கும் குறைவு.
இடைவெளி 66 செ.மீ. ஆனால் தாழ்வு 4.4 மி.மீ.
இடைவெளி 99 செ.மீ. ஆனால் தாழ்வு 22 மி.மீ.

இடைவெளி இருமடங்கானால் தாழ்வு 16 மடங்கு. மும்மடங்கானால் 81 மடங்கு! வலுக்குறைந்த பலகையைக் கொண்டு அலமாரி செய்பவர்கள் அதைச் சிறு கட்டங்களாகப் பிரிப்பதன் இரகசியம் இப்போது விளங்குகிறதல்லவா? கட்டம் அழகுக்காக மட்டும் அன்று, தாங்குவதற்காகவும்தான்.

நான் ஒரு தடுப்பை எடுத்தபோது தையல் இயந்திரத்திற்கு இடம் கிடைத்தது. ஆனால் அதற்கு மேலே இருந்த தட்டு 66 செ.மீ. தூரத்தை ஊன்றுகோல் இல்லாமல் கடக்கவேண்டியதாயிற்று. அதன்மேல் நின்ற அடுத்த தடுப்பு, மேல் வரிசைகளின் சுமையில் ஒரு பங்கையும் அதன் நடுவிலேயே இறக்கியது. மேலும், துகள்பலகை நீண்ட நாள் சுமையைத் தாங்கும்போது முதல் நாள் தாழ்வோடு நிற்பதில்லை. மெல்ல மெல்ல இன்னும் தாழ்ந்துகொண்டே போகும். சுமையை எடுத்தாலும் முழுவதும் நிமிர்வதில்லை.

அகலமான கட்டம் வேண்டும் என்றால் அதை மேல் வரிசையில் வையுங்கள். அங்கு மேலிருந்து வரும் சுமை குறைவு. அல்லது தட்டைத் தடிப்பாக்குங்கள். இதில் ஒரு நுட்பம் உண்டு. ஒரே அளவுள்ள இரு பலகைகளை ஒன்றின்மேல் ஒன்றாகச் சும்மா வைத்தால் தாழ்வு பாதியாகத்தான் குறையும். அவற்றையே பசையிட்டு முழுவதும் ஒட்டிவிட்டால் எட்டில் ஒரு பங்காகக் குறையும். ஒட்டாதபோது பலகைகள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்கித் தனித்தனியே வளைகின்றன. ஒட்டியபின் ஒரே பலகையாக வளைகின்றன.

நான் வேறு வழியைக் கையாண்டேன். 2011 டிசம்பர் 30 அன்று கரையைக் கடந்த தானே புயலில் பண்ருட்டிப் பகுதியின் பலாமரங்களும் முந்திரி மரங்களும் ஏராளமாகச் சாய்ந்தன. அப்போது அறுத்த பலாப்பலகை ஒன்று எங்கள் பரணில் கிடந்தது. அதிலிருந்து 2 செ.மீ. தடிப்பும் 4 செ.மீ. உயரமும் உள்ள ஒரு பட்டையை அறுத்து, தட்டின் முன்விளிம்பின் அடியில் நிமிர்த்தி ஒட்டித் திருகினேன். மெல்லிய பட்டைதான், ஆனால் அதன் உயரம் முப்படியாகப் பயன் தருகிறது. கெட்டி மரத்தின் யங் குணகமும் துகள்பலகையினுடையதைப் போல் நான்கைந்து மடங்கு. அந்தப் பட்டை தனியாகவே முழுத் தட்டையும் விட விறைப்பானது.

கவிழ்வது ஏன்?

மூன்றாவது தவறுதான் உயிரோடு விளையாடும் தவறு. வெறும் அலமாரியின் எடை ஏறத்தாழ 30 கிலோகிராம். ஆழம் 30 செ.மீ. ஆதலால் அதன் ஈர்ப்பு மையம் முன்விளிம்பிலிருந்து 15 செ.மீ. உள்ளே இருக்கிறது. முன்விளிம்பைப் பற்றி அதை நிலைநிறுத்தும் திருப்புத்திறன் 30 × 15 = 450. ஒரு மீட்டர் உயரத்தில் உள்ள தட்டைப் பிடித்து ஒருவர் முன்னோக்கி இழுத்தால், 450-ஐ 100-ஆல் வகுக்க, நாலரைக் கிலோகிராம் எடைக்குச் சமமான விசையே அலமாரியின் பின்விளிம்பைத் தரையிலிருந்து தூக்கிவிடும். நான்கு வயதுக் குழந்தைக்கு இந்த விசை ஒரு பொருட்டே அன்று!

கீழ் வரிசையில் 30 கிலோகிராம் புத்தகங்களை வைத்தால் தேவைப்படும் விசை ஒன்பது கிலோகிராம் எடையாக உயரும். அதே புத்தகங்களை மேல் வரிசையில் வைத்தாலும் முதலில் தூக்குவதற்கு அதே ஒன்பது வேண்டும். பிறகு எதற்குக் கனமானவற்றைக் கீழே வைக்கச் சொல்கிறார்கள்? தூக்கியபின் நடப்பதில்தான் வேறுபாடு. புத்தகங்கள் கீழே இருந்தால் அலமாரி 19 பாகை வரை சாய்ந்தாலும் விட்டதும் பழைய நிலைக்குத் திரும்பும். மேலே இருந்தால் 9 பாகை தாண்டியதுமே ஈர்ப்பு மையம் முன்விளிம்பைக் கடந்துவிடும். பின்னர் யாரும் இழுக்கவேண்டியதில்லை, அது தானே விழும்.

இது வெறும் ஏட்டுக் கணக்கு அன்று. இழுப்பறை அலமாரிகள் கவிழ்ந்து சிறு குழந்தைகள் இறந்ததைத் தொடர்ந்து, 2016 ஜூன் மாதத்தில் அமெரிக்காவில் 2 கோடியே 90 லட்சம் அலமாரிகளைத் திரும்பப் பெறுவதாக ஐக்கியா நிறுவனம் அறிவித்தது. இழுப்பறைகளைத் திறந்தால் எடை முன்னுக்கு வருவதால் அங்கு ஆபத்து இன்னும் அதிகம்.

மருந்து மிக எளியது. அலமாரியின் உச்சியைச் சுவரோடு பிணைத்துவிட்டால் கவிழும் பேச்சே இல்லை. இரும்புப் பட்டையின் திருகாணி, சுவரின் பூச்சில் மட்டும் நிற்காமல் செங்கல்லுக்குள் செல்லவேண்டும். துளையிட்டு, பிளாஸ்டிக் ஆப்பைச் செருகி, அதில் திருகுங்கள். பழைய சுவராக இருந்தால், முன்னாளில் செய்ததுபோல் மரக்கட்டை ஒன்றைச் சுவரில் பதித்து அதில் திருகலாம். துளையிடும் முன் அவ்விடத்தில் மின்கம்பிக் குழாய் செல்லவில்லை என்பதை உறுதி செய்துகொள்ளுங்கள்.

கடலூர் மாவட்டத்தாருக்கு இன்னொன்றும் சொல்லவேண்டும். துகள்பலகைக்குத் தண்ணீர் பகை. நீரை உறிஞ்சி உப்பினால் அதன் துகள்கள் பிரிந்து வலிமை போய்விடும். காய்ந்தபின்னும் அது திரும்பாது. 2015-ஆம் ஆண்டு வெள்ளத்தைக் கண்ட நமக்கு இதை விளக்கவேண்டியதில்லை. அலமாரியை நாலு விரற்கடை உயரக் கால்களின்மேல் நிறுத்துங்கள். அறுத்த விளிம்புகளில் வண்ணம் பூசுங்கள். ஈரம் கசியும் சுவரை ஒட்டாமல், இடையே ஒரு மரச்சட்டத்தைக் கொடுத்து அதன் வழியாகப் பிணையுங்கள்.

இப்போது என் வீட்டு அலமாரியில் முதுகுப் பலகைகள் இருக்கின்றன, பலாப்பட்டை இருக்கிறது, உச்சியில் இரு இரும்புப் பட்டைகள் சுவரைப் பற்றியிருக்கின்றன. தங்கை மகன் வரும்போதெல்லாம் அதை இழுத்துப் பார்க்கிறான், அது அசைவதில்லை.

நீங்களும் இன்று மாலை உங்கள் வீட்டு அலமாரியைச் சோதித்துப் பாருங்கள். மேல் மூலையை ஒரு விரலால் பக்கவாட்டில் தள்ளுங்கள். தட்டின் அடியில் நீட்டிய நூலைப் பிடித்துத் தொய்வைப் பாருங்கள். மேல் தட்டை ஒரு கையால் மெல்ல முன்னே இழுங்கள். அது உங்களை நோக்கி அசைந்தால், சுவரில் துளையிடும் வேலையை நாளைக்கு என்று ஒத்திப்போடாதீர்கள்.