கடும் நீரோட்டத்தில் வாழும் பிராணிகள்

மேற்குத் தொடர்ச்சி மலையினின்றும் இறங்கும் ஓடைகளில், ஆளையே புரட்டிவிடத்தக்க வேகமுள்ள நீரின் நடுவே ஒரு கல்லைப் பெயர்த்துப் பார்ப்போர், அதனடியில் சிறு ஜந்துக்கள் பல ஒட்டியிருக்கக் காண்பர். இவை நிலைத்து நிற்பது தேகபலத்தாலன்று. ஓடும் நீர் கல்லை உராயுமிடத்தில் வேகங் குன்றி, கல்லையொட்டிய மெல்லிய படலத்தில் ஏறக்குறைய அசைவற்றே நிற்கின்றது. தட்டையான உடலுள்ள பிராணி அவ்விடத்திற் பதுங்கி, வேகத்தின் பெரும்பகுதிக்குத் தப்புகின்றது.

கருஈயின் புழு செய்யும் உபாயம் இன்னும் விநோதமானது. அது பட்டுநூல் சுரந்து கல்லின்மேல் ஒரு சிறு திண்டமைத்து, உடலின் பின்முனையிலுள்ள கொக்கிகளை அதில் மாட்டிக்கொள்ளும். நீர் பறித்துச் சென்றாலும் நூலைப் பற்றித் தொங்கி மீண்டும் ஏறிவிடும். தலையிலுள்ள விசிறி போன்ற உறுப்புகளால் நீரில் மிதந்துவரும் உணவை வடித்து உண்ணும். காடிஸ் என்னும் பூச்சியினத்திற் சிலவற்றின் புழுக்களோ, நம் வலைஞரைப் போலவே கற்களினிடையே நீர்வரும் திசைநோக்கி வலை கட்டிக் காத்திருக்கும்.

மீன்களுள் கர்ரா என்னும் சிற்றினத்திற்குக் கீழுதட்டின் பின்னால் வட்டமான ஒட்டுறுப்பு ஒன்றுண்டு. அதனாற் பாறையைப் பற்றிக்கொண்டு அதன்மேற் படர்ந்த பாசியைச் சுரண்டித் தின்னும். மலையோடை மீன்கள் பலவற்றிற்கு மார்புத் துடுப்புகள் அகன்று கிடையாக விரிந்துள்ளன. மிதக்கச் செய்யும் காற்றுப்பையும் சிறுத்துவிட்டது. மிதப்பது அங்கே ஆபத்தன்றோ! இவ்விஷயங்களை ஆராய்ந்த ஸுந்தர் லால் ஹோரா 1930-ஆம் வருஷத்தில் விரிவான கட்டுரையொன்றை வெளியிட்டார்.

ஆயினும் இவ்வமைப்புகளே இவற்றைச் சிறைப்படுத்தியும் விடுகின்றன. ஓட்டத்தால் உணவும் பிராணவாயுவும் தாமே வந்து சேரப் பழகிய இப்பிராணிகளுட் பல, தேங்கிய நீரில் மூச்சுமுட்டி மடியும். சரிவு நிலத்தைக் குறுக்கு வரப்பின்றி மேலுங்கீழுமாக உழுதால், மழையில் இறங்கும் வண்டல் கற்களின் இடுக்குகளை அடைத்துவிடுகின்றது. மேற்கூறிய புழுக்களுக்கு வீடு அந்த இடுக்குகளே. அவற்றை உண்ணும் மீன்களும் பின்னர்க் குறைகின்றன. வெடியும் விஷமும் இட்டு மீன் பிடிப்பதை 1897-ஆம் வருஷத்து இந்திய மீன்பிடிச் சட்டமே விலக்கியிருந்தும், அவ்வழக்கம் அடியோடு ஒழியவில்லை. காவேரியிலும் அதன் உபநதிகளிலும் மட்டுமே காணப்படும் திமிலுடைய மஹஸீர், அற்றுப்போகும் பேரபாயத்திலுள்ள இனமென 2018-இல் குறிக்கப்பட்டது.

ஓடையோரத்து நிலக்காரர் தம் நீரின் தன்மையைச் செலவின்றி அறியலாம். வேகமாக ஓடுமிடத்தில் நாலைந்து கற்களைப் புரட்டி, தட்டையுடலும் இரண்டு மூன்று வால்மயிர்களுமுள்ள பூச்சிக் குஞ்சுகள் உள்ளனவா என நோக்குக. முன்பு ஏராளமாயிருந்தவை திடீரென மறைந்திருப்பின், மேலே யாரேனும் பூச்சிமருந்துக் கலங்களைக் கழுவினரா, கழிவு விட்டனரா என்று ஓடைவழியே ஏறிச்சென்று விசாரித்தல் நலம். பார்த்தபின் கற்களை முன்போலவே கவிழ்த்து வைக்க.