பட்டம் கேளாத பணி

“நாங்கள் என்ன படித்தவர்களா, சுவாமி?” என்னும் கேள்வியை நம் பங்குகளில் அடிக்கடி கேட்கிறோம். பங்குத் தந்தை புதியதொரு பணிக்கு ஆள் தேடும்போதும், அன்பியக் கூட்டத்தில் நோயாளிகளைச் சந்திக்கும் பேச்சு எழும்போதும், கடைசி வரிசையிலிருந்து இக்கேள்வி வரும். கேட்பவர் சோம்பேறி அல்லர். திருவிழா வந்தால் மூன்று இரவு கண் விழித்துச் சப்பரம் சோடிப்பவர் அவரே. ஆயினும் நோய்க்கு மருத்துவர், மனக் கவலைக்கு அதற்கெனப் படித்தவர், சமூகப் பணிக்கும் பட்டதாரி என்று உலகம் பங்கு பிரித்துவிட்ட பிறகு, தமக்கு அங்கே இடமில்லை என்று அவர் மெய்யாகவே எண்ணுகிறார். இந்த எண்ணம் எவ்வளவு தூரம் சரியானது என்று சற்று ஆராய விரும்புகிறோம். பொதுவாகப் பேசினால் பேச்சு எங்கும் நில்லாது ஓடிவிடுமாதலால் ஒரே ஒரு பணியை எடுத்துக்கொள்வோம். படுக்கையில் கிடக்கும் நோயாளியை அவர் வீட்டிலேயே பேணும் பணி அது.

இப்பணியைத் தேர்ந்ததற்குக் காரணமுண்டு. பக்கவாதத்தால் ஒரு கை, ஒரு கால் விழுந்தவர், புற்றுநோய் முற்றியவர், முதுமையால் எழ இயலாதவர் ஆகியோர் இல்லாத தெரு நம் பங்குகளில் அரிது. பிள்ளைகளோ சென்னையிலும் வளைகுடா நாடுகளிலும் இருக்கிறார்கள். பெரிய மருத்துவமனை, ஓர் எல்லைக்குப் பிறகு, “இனி வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள்” என்று சொல்லி அனுப்பிவிடுகிறது. அந்தச் சொல்லின் பாரம் முழுவதும் பெரும்பாலும் ஒரு பெண்ணின் தலையில் இறங்குகிறது. மனைவியோ, மகளோ, மருமகளோ, யாரோ ஒருத்தி இரவும் பகலும் அந்தக் கட்டிலின் அருகே கட்டுண்டு கிடக்கிறாள். முதல் வாரம் உறவினர் ஆரஞ்சும் ஹார்லிக்ஸுமாக வருவார்கள். மூன்றாம் மாதம் வாசற்படி ஏறுவோர் யாருமில்லை. அவள் ஞாயிறு திருப்பலிக்கு வந்தே பல மாதம் ஆகியிருக்கும். அதை நாமும் கவனித்திருக்கமாட்டோம்.

இந்நிலைமைக்கு நம் அண்டை மாநிலமாகிய கேரளம் கண்ட வழி, உலகின் பல நாடுகளும் வந்து பார்த்துச் சென்ற ஒன்றாகும். 1993-ஆம் ஆண்டு கோழிக்கோடு அரசு மருத்துவக் கல்லூரியில் எம். ஆர். ராஜகோபால், சுரேஷ் குமார் என்னும் மருத்துவர்கள் நண்பர்கள் சிலருடன் சேர்ந்து ஒரு சங்கம் தொடங்கினர். பாலியேட்டிவ் கேர் என்று வழங்கப்படும் வலி தணிப்புப் பராமரிப்பே அதன் நோக்கம். குணப்படுத்த இயலாத நோயிலும் வலியைக் குறைக்கலாம், துணையாக நிற்கலாம் என்பது அதன் அடிப்படை. நோயாளிகள் நெடுந்தூரத்திலிருந்து வந்தார்கள். ஆனால் நோய் முற்ற முற்ற, பேருந்திலோ ஜீப்பிலோ வர இயலாமல் பலர் நின்றுவிட்டார்கள். மிகவும் தேவைப்பட்ட நாளிலேயே உதவி அவர்களுக்கு எட்டவில்லை. மருத்துவர்களே வீடு வீடாகச் செல்வதென்றால் எத்தனை மருத்துவர் வேண்டும்! சென்றாலும், ஒரு வீட்டில் அரை மணி நேரத்துக்கு மேல் எப்படி இருக்க முடியும்? மீதமுள்ள இருபத்து மூன்றரை மணி நேரமும் நோயாளி தம் வீட்டாருடனும் அக்கம்பக்கத்தாருடனுமே அல்லவா இருக்கிறார்!

ஆகவே அக்கம்பக்கத்தாரிடமே பணியை ஒப்படைப்பது என்று முடிவாயிற்று. 2001-ஆம் ஆண்டு தொடங்கிய இந்த அயலவர் இயக்கத்துக்கு மலப்புரம் மாவட்டம் முன்னோடியாக விளங்கியது. வாரத்தில் இரண்டு மணி நேரம் ஒதுக்கக்கூடிய எவரும் சேரலாம். 16 மணி நேர வகுப்பும் நான்கு நாள் செயல்முறைப் பயிற்சியும் அளித்தார்கள். ஆட்டோ ஓட்டுநர், மாணவர், இல்லத்தரசி, கடைக்காரர் என்று பலரும் வந்தனர். இந்து, முஸ்லிம், கிறிஸ்தவர் என்ற வேறுபாடு அங்கே எழவில்லை. கடைகளில் வைத்த உண்டியலில் விழுந்த சில்லறையும் ஊராரின் சிறு நன்கொடையுமே பெரும்பாலான இடங்களில் செலவைத் தாங்கின. 2008-ஆம் ஆண்டு கேரள அரசு இதற்கெனத் தனிக் கொள்கையொன்றை அறிவித்து, ஊராட்சிகளையும் இப்பணியில் இணைத்தது. அரசு வழிகாட்டிய பிறகு மக்கள் வந்ததாகவே நாம் பெரும்பாலும் கேள்விப்படுகிறோம். இங்கே வரிசை மாறியிருப்பது கவனிக்கத்தக்கது.

பதினாறு மணி நேரத்தில் எதைத்தான் கற்க முடியும் என்று வாசகர்கள் கேட்கலாம். நோயாளியின் உடம்பு என்ன கேட்கிறது என்று பார்த்தால் விடை தெரியும். எழ இயலாதவர் ஒரே பக்கமாகப் படுத்திருந்தால் முதுகின் அடிப்பகுதி, இடுப்பெலும்பு, குதிகால், பின்தலை ஆகிய இடங்களில் தோல் நசுங்கி, சிவந்து, பின்பு புண்ணாகிவிடும். படுக்கைப் புண் வந்தபின் ஆற்றுவது பெரும்பாடு. வராமல் காப்பதோ பெரும்பாலும் நம் கையில் இருக்கிறது. இரண்டு மணிக்கொருமுறை பக்கம் மாற்றிப் படுக்கவைக்க வேண்டும். விரிப்பில் சுருக்கம் விழாமல் இழுத்துவிட வேண்டும். ஈரம்பட்டால் உடனே மாற்ற வேண்டும். சிவந்த இடத்தை அழுத்தித் தேய்க்கலாகாது. நம் வீடுகளில் அன்பினாலேயே அப்படித் தேய்த்துவிடும் வழக்கமுண்டு. உணவு ஊட்டும்போது தலையையும் முதுகையும் உயர்த்திச் சாய்த்து உட்காரவைக்க வேண்டும். இல்லையேல் கஞ்சி மூச்சுக்குழலில் இறங்கும் அபாயமுண்டு. காய்ந்த வாயை நனைத்த மெல்லிய துணியால் துடைத்துவிட வேண்டும். இவற்றுக்கெல்லாம் உடற்கூறு நூல் தேவையில்லை. ஒரு செவிலியர் அருகிருந்து இரண்டு மூன்று முறை செய்துகாட்டினால் போதும். ஒருவரைத் தூக்கித் திருப்ப இருவர் வேண்டும் என்பதுதான் உண்மையான இடர். அந்த இரண்டாம் ஆள்தான் நம் வீடுகளில் இல்லாமற் போகிறார்.

உடம்புக்கு அப்பாலும் வேலை இருக்கிறது. முதியோர் உதவித்தொகைக்கு விண்ணப்பம் எழுதித் தருவது, மருந்துச் சீட்டோடு கடைக்குப் போய்வருவது, அந்த வீட்டுக் குழந்தை பள்ளிக்குப் போகிறதா என்று பார்ப்பது, அரிசி இருக்கிறதா என்று கேளாமலே அறிந்துகொள்வது ஆகியவையும் பராமரிப்பே என்று கேரளத்தில் கண்டார்கள். குடும்பத்தின் வருமானம் நின்றுபோன வீட்டில் மாத்திரை மட்டும் கொடுத்தால் அது பாதி உதவிகூட ஆகாது. பேணும் பெண்ணை இரண்டு மணி நேரம் விடுவித்து, “நீங்கள் கோயிலுக்குப் போய்வாருங்கள் அக்கா, நான் இருக்கிறேன்” என்று சொல்வதை எந்தப் பல்கலைக்கழகமும் பாடமாக வைத்ததாகத் தெரியவில்லை. ஆனால் அந்தச் சொல்லுக்காக எத்தனையோ பேர் காத்திருக்கிறார்கள்.

இவ்வளவும் சொன்னபின் மறுபக்கத்தையும் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. பட்டம் தேவையில்லாத பணி உண்டு என்பதற்குப் பட்டமே தேவையில்லை என்று பொருளல்ல. கடும் வலிக்குரிய மார்ஃபின் மருந்தை மருத்துவர்தாம் எழுதித் தர இயலும். 1985-ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டம் அதைப் பெறுவதை மிகவும் கடினமாக்கியிருந்தது. 2014-ஆம் ஆண்டின் திருத்தம் அதை ஓரளவு எளிதாக்கியது. தொண்டர் மருந்தை மாற்றலாகாது. “எங்கள் மாமாவுக்கு இந்த மாத்திரை கேட்டது” என்று சொல்லலாகாது. குணமாகிவிடும் என்று வாக்களிக்கலாகாது. நோயாளி மூச்சுத் திணறினாலோ நினைவு தடுமாறினாலோ யாருக்குத் தொலைபேசி செய்வது என்று முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும். நோயாளி வீட்டில் கண்டதையும் கேட்டதையும் தெருவில் பேசக்கூடாது. கடைசியாகச் சொன்னதே நம் ஊர்களில் மிகக் கடினமானது என்று நாம் அஞ்சுகிறோம். செபம் சொல்ல வேண்டுமா என்பதையும் நோயாளியிடம் கேட்டே செய்ய வேண்டும். வலியால் துடிப்பவரின் தலைமாட்டில் நின்றுகொண்டு, இது ஆண்டவர் தந்த சிலுவை என்று பிரசங்கம் செய்பவர் போகாமலிருப்பதே நலம்.

கேரளத்தில் எழுத்தறிவு அதிகம். ஆதலால் அங்கே நடந்தது என்று சிலர் கூறுவதுண்டு. அவர்கள் மகாராஷ்டிர மாநிலத்து ஜாம்கெட் என்னும் வறண்ட ஊரை அறிந்துகொள்ள வேண்டும். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் பயின்ற ரஜனிகாந்த் அரோலே, மேபல் அரோலே என்னும் தம்பதியர் 1970-ஆம் ஆண்டு அங்கே பணியைத் தொடங்கினர். முதலில் பயிற்சி பெற்ற செவிலியர்களைக் கிராமங்களுக்கு அனுப்பினார்கள், அம்முயற்சி பலிக்கவில்லை. வெளியூர்ப் பெண்களைக் கிராமத்தார் நம்பவில்லை. அவர்களுக்கும் அங்கே தனியே வாழ்வது கடினமாயிருந்தது. பின்னர் அந்தந்தக் கிராமத்தார் தம்முள்ளேயே ஒரு பெண்ணைத் தேர்ந்து தரும்படி கேட்கப்பட்டது. வந்தவருள் பலர் எழுதப் படிக்கத் தெரியாதவர்கள். தாழ்த்தப்பட்டோர் என்று ஒதுக்கி வைக்கப்பட்ட குடும்பத்தினரும் அவர்களுள் இருந்தனர். வாரந்தோறும் ஜாம்கெட்டுக்கு வந்து கற்று, தம் ஊருக்குத் திரும்பிப் பிரசவம் பார்த்தார்கள். குழந்தைகளின் எடையைக் குறித்தார்கள். வயிற்றுப்போக்கு கண்ட பிள்ளைக்கு உப்பும் சர்க்கரையும் கலந்த நீர் கொடுத்தார்கள். குழந்தைகளின் சாவு பெரிதும் குறைந்தது. அரோலே தம்பதியர்க்கு 1979-ஆம் ஆண்டு மகசேசே விருது கிடைத்தது. 1988-ஆம் ஆண்டு அக்கிராமப் பெண்களுள் ஒருவர் வாஷிங்டன் நகரில் ஒரு பெரிய மாநாட்டில் பேசினார். மண்டபத்தில் தொங்கிய சரவிளக்குகளைச் சுட்டிக்காட்டி, மருத்துவர்கள் அவற்றைப் போன்றவர்கள் என்றார். அழகானவை, ஆனால் விலையுயர்ந்தவை, எட்டாதவை. பின்பு தாம் கொண்டுவந்த சிறிய திரி விளக்கை எடுத்து ஏற்றிக் காட்டினார்.

நம் திருச்சபைக்கு இது புதிய பாடமன்று. இயேசு சபை 1773-ஆம் ஆண்டு கலைக்கப்பட்ட பின்பு, 1830-களின் இறுதியில் அச்சபையினர் மதுரைப் பகுதிக்குத் திரும்பி வரும்வரை, தமிழ் நாட்டுக் கிறிஸ்தவர்களுக்குக் குருக்கள் மிக அரிதாகவே கிடைத்தார்கள். அந்த இரண்டு தலைமுறைக் காலம் ஞாயிறுதோறும் செபம் நடத்தியவரும், பிள்ளைகளுக்கு மந்திரம் கற்பித்தவரும், இறப்போர் அருகே இருந்தவரும், இறந்தோரை அடக்கம் செய்தவரும் பல ஊர்களில் உபதேசியார்களே. எந்தக் குருமடத்திலும் அவர்கள் பயின்றதில்லை. மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் 2021-ஆம் ஆண்டு மே 10-ஆம் நாள் உபதேசியார் பணியைத் திருச்சபையின் நிலையான பொதுநிலைத் திருப்பணியாக ஏற்படுத்தியபோது, நம் பாட்டனார் காலத்து உபதேசியார்களை எண்ணி மகிழ்ந்தோர் பலர். சாகும் தறுவாயிலுள்ள குழந்தைக்கு அவசர ஞானஸ்நானம் கொடுக்க எவராலும் இயலும் என்னும் திருச்சபைச் சட்டத்தையும் நினைவுகூரலாம். முறையான கருத்தும், தண்ணீரும், சரியான வார்த்தைகளும் போதும். முதல் திருவருட்சாதனத்தையே அவசர வேளையில் மருத்துவச்சியின் கையில் ஒப்படைக்கத் திருச்சபை தயங்கவில்லை.

வின்சென்ட் தே பவுல் சபையின் தொடக்கத்தையும் ஒரு சொல் சொல்ல வேண்டும். 1833-ஆம் ஆண்டு ஏப்ரல் 23-ஆம் நாள் பாரிஸ் நகரில் ஃபிரெடெரிக் ஓசானாமும் தோழர்களும் முதன்முறை கூடினர். ஓசானாமுக்கு அன்று வயது இருபது, சட்டம் படித்துக்கொண்டிருந்தார். படித்த அந்த இளைஞர்களுக்கு ஏழையின் வீட்டு வாசலில் எப்படி நிற்பது, என்ன பேசுவது, எதைக் கேளாமல் விடுவது என்பது தெரியவில்லை. அவர்களுக்கு வழிகாட்டியவர் ரோசலி ரெந்து என்னும் பிறரன்புக் கன்னியர். அவர் பல்கலைக்கழகத்தின் வாசலைக் கண்டவரல்லர். முஃப்தார் வட்டாரத்துச் சந்துகளில் பல்லாண்டு நடந்து கற்றவர். ஓசானாம் 1997-ஆம் ஆண்டிலும், ரோசலி 2003-ஆம் ஆண்டிலும் முத்திப்பேறு பெற்றவர்களாக அறிவிக்கப்பட்டனர்.

நம் பங்கில் எங்கிருந்து தொடங்குவது? பெரும்பாலான பங்குகளில் மாதத்தின் முதல் வெள்ளியன்று பங்குத் தந்தை வீடுகளுக்குச் சென்று நோயாளிகளுக்கு நற்கருணை வழங்குகிறார். அவ்வீடுகளின் பட்டியல் பங்கு அலுவலகத்தில் இருக்கும். அதை வாங்கி, ஒவ்வொரு பெயருக்கும் எதிரே அருகில் குடியிருக்கும் இருவரின் பெயரை எழுதிப் பாருங்கள். பெரிய கூட்டமும் தொடக்க விழாவும் அவசியமில்லை. பயிற்சிக்கு அருகிலுள்ள அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தையோ கன்னியர் நடத்தும் மருத்துவமனையையோ அணுகலாம். தமிழ்நாடு அரசு 2021-ஆம் ஆண்டு ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வீட்டிலேயே வலி தணிப்புப் பராமரிப்பும் இயன்முறை மருத்துவமும் சேர்க்கப்பட்டுள்ளன. உங்கள் பகுதிக்கு வரும் பணியாளரை அறிந்து வைத்துக்கொண்டால், தொண்டரின் அறிவு முடியும் இடத்தில் அவருடைய உதவி தொடங்கும். இரு மணி நேரம் கொடுக்க முன்வருபவர் கிழமையை மாற்றாமல் வருவாராயின் அதுவே பெரிது. செவ்வாய் மாலை என்றால் செவ்வாய் மாலைதான். நோயாளி அன்று காலையிலிருந்தே காலடி ஓசைக்குக் காதைத் தீட்டிக்கொண்டிருப்பார்.

இன்னொன்றும் செய்யலாம். சக்கர நாற்காலி, தண்ணீர் மெத்தை, கழிப்பறை நாற்காலி, நடைச் சட்டம் போன்றவை சில மாதங்களே தேவைப்படும்; ஆளுக்கொன்றாக வாங்க எல்லாராலும் இயலாது. ஒருவர் இறந்த பின்பு பல வீடுகளில் அவை பரணில் தூசி படிந்து கிடக்கின்றன. அவற்றைக் கேட்டு வாங்கிக் கழுவித் துடைத்து, கோயில் வளாகத்தில் ஓர் அறையில் வைத்து, யார் எப்போது கொண்டுபோனார் என்று ஒரு குறிப்பேட்டில் எழுதி இரவல் கொடுக்கலாம். மதம் பாராமல் கொடுக்க வேண்டும். அறையின் சாவி கோயிலுக்கு அருகில் குடியிருப்பவரிடம் இருக்கட்டும். இத்தகைய பொருளைக் கேட்டு மக்கள் பெரும்பாலும் இரவில்தான் வருவார்கள்.