நைல் நதியும் செங்கடலும்

கொழும்பிலிருந்து இங்கிலாந்துக்குக் கப்பலிலே சென்ற அக்காலத்தில், பிரயாணிகள் சிலர் சுயெஸ் துறையில் இறங்கிக் கெய்ரோவையும் பிரமிட்டுக்களையும் விரைந்து பார்த்துவிட்டு, போட் சைட் துறையிலே தம் கப்பலை மீண்டும் பிடிப்பர். கப்பல் கால்வாயைக் கடக்கும் நேரமே அவர்களுக்குக் கிடைத்த நேரம். இன்று எகிப்துக்குச் செல்வோருட் பலர் ஒரு வாரத்தை ஒதுக்கிக்கொள்கின்றனர். முதல் நான்கு நாட்கள் நைல் நதிக்கரைப் பழஞ்சின்னங்களுக்கு. எஞ்சிய நாட்கள் செங்கடற் கரையில் ஓய்வுக்கு. முன்னையது கல்வி, பின்னையது களிப்பு என்று அவர்கள் பிரித்துக்கொள்வதுண்டு. ஆனால் நதிக்கரையும் கடற்கரையும் ஒரே வரலாற்றின் இரு பக்கங்கள். அதை அறிந்து செல்பவருக்கு அந்த வாரம் இருமடங்கு பயன் தரும்.

முதல் நாளைக் கீசாவுக்குக் கொடுக்கலாம். கூபு மன்னனுடைய பெரிய பிரமிட்டு 4,500 ஆண்டுகளுக்கு முன்னரே எழுந்தது. அடிப்பக்கம் ஒவ்வொன்றும் ஏறத்தாழ 230 மீற்றர். கட்டிய காலத்து உயரம் ஏறத்தாழ 146 மீற்றர். அடுக்கிய கற்கள் 23 இலட்சம் அளவில் இருக்கும் என்பது கணிப்பு. அண்மையில் உள்ள புதிய பேரருங்காட்சியகம் 2025ஆம் ஆண்டு நவம்பரில் முழுமையாகத் திறக்கப்பட்டது. துத்தங்காமுன் கல்லறைச் செல்வங்களை அங்கே ஒருசேரக் காணலாம். இரண்டாம் நாள் சக்காராவுக்குச் சென்றால், அவற்றினும் பழைய படிப் பிரமிட்டைப் பார்க்கலாம். யோசர் மன்னனுக்காக அதனை அமைத்தவர் இம்ஹோத்தெப் என்பர்.

இத்துணைக் கற்களையும் கொண்டுவந்தவர் யார்? இக்கேள்விக்கு விடையின் ஒரு பகுதி கிடைத்த இடம் கீசா அன்று, செங்கடற் கரை. வாதி அல்-யார்ப் என்னும் பழந்துறைமுகத்திலே, 2013ஆம் ஆண்டில், பிரெஞ்சு அறிஞர் பியேர் தலே குழுவினர் பப்பிரசு என்னும் கோரைத்தாள் ஏடுகளைக் கண்டெடுத்தனர். எழுதப்பட்ட பப்பிரசுகளுள் இதுவரை கிடைத்தவற்றில் மிகப் பழையவை அவை. மேரர் என்னும் மேற்பார்வையாளன் ஒருவனது நாட்குறிப்பு அவற்றுள் இருந்தது. தூரா என்னுமிடத்துச் சுண்ணாம்புக் கற்களைப் படகிலேற்றிக் கீசாவுக்குக் கொண்டுசென்ற செய்தியை அவன் நாள்தோறும் குறித்துவைத்திருக்கிறான். மலைபோன்ற பிரமிட்டின் உள்ளே காணாத வேலையாட்களின் குரலைக் கடலோரத்து மணல் காத்து வைத்திருந்தது.

கெய்ரோவிலிருந்து தெற்கே ஏறத்தாழ 650 கிலோமீற்றர் தொலைவிலுள்ள லக்சருக்கு இரவுப் புகையிரதத்தில் செல்லலாம். மூன்றாம் நாள் கிழக்குக் கரையிலே கர்நாக் கோயில். அதன் பெருமண்டபத்தில் 134 தூண்கள் நிற்கின்றன. நான்காம் நாள் ஞாயிறு மறையும் மேற்குக் கரை, மன்னர் பள்ளத்தாக்கு. துத்தங்காமுன் கல்லறையை ஹவார்ட் காட்டர் கண்டது 1922ஆம் ஆண்டு நவம்பரில். உள்ளே செல்வோரின் மூச்சின் ஈரமும் சுவரோவியங்களுக்குக் கேடு செய்வதால், விரைந்து பார்த்து வெளிவருதல் நாம் செய்யக்கூடிய உதவி. கோடையில் இங்கு வெப்பம் 40 பாகையைத் தாண்டும். நவம்பர் முதல் பெப்ரவரி வரையுள்ள மாதங்களே ஏற்றவை.

அருகே அரசி ஹட்செப்சுத்தின் கோயில். பிற்காலத்தில் அவளுடைய பெயரையும் உருவத்தையும் பல இடங்களிற் செதுக்கி அழித்தனர். ஆயினும், அவள் பூந்து நாட்டுக்கு அனுப்பிய கப்பல்களும், வேரோடு பெயர்த்துக் கூடைகளிற் கொண்டுவந்த நறும்பிசின் மரங்களும் சுவரிலே நிலைத்துவிட்டன. அக்கப்பல்கள் சென்ற கடல் செங்கடலே என்பது அறிஞர் பலர் கருத்து. அக்கரையிலுள்ள மெர்சா கவாசிஸ் குகைகளில், அவள் காலத்துக்கும் முந்திய கப்பற் பலகைகளும், சுருட்டி வைத்தவாறே கிடந்த கயிறுகளும் கிடைத்துள்ளன.

ஐந்தாம் நாள் கடலை நோக்கிப் புறப்படலாம். லக்சருக்கு வடக்கேயுள்ள கிப்த் நகரமே பண்டைய கொப்தோஸ். அங்கிருந்து வாதி ஹம்மாமாத் வழியாக ஒரு பாதை பாலைநிலத்தை ஊடறுத்துக் குசெயர் பட்டினத்தை அடைகிறது. இப்போது மோட்டார் வண்டிக்குச் சில மணி நேரப் பயணம். கிரேக்கப் புவியியலாளர் ஸ்திராபோ, 2,000 ஆண்டுகளுக்கு முன், இதே வழிக்கு ஆறேழு நாட்கள் வேண்டும் என்று எழுதினார். முற்காலத்து வணிகர் தண்ணீரையும் சுமந்துகொண்டு, இரவிலே விண்மீன்களைப் பார்த்து ஒட்டகங்களை நடத்தினராம். நம்முடைய முழு வாரமும் அவர்களுக்கு இந்த ஒரு வழிக்கே செலவாயிற்று.

அந்த வழியின் முடிவிலிருந்த துறைமுகம் மியோஸ் ஹோர்மோஸ். அங்கிருந்து 120 கப்பல்கள் இந்தியாவுக்குச் சென்றன என்றும் ஸ்திராபோ கூறுகிறார். குசெயருக்குச் சற்று வடக்கேயுள்ள அந்த இடத்தில் இன்று மண்மேடுகளும் ஓட்டுத் துண்டுகளுமே உள. அங்கு அகழ்ந்தபோது, தமிழ்ப் பிராமி எழுத்திலே கணன், சாதன் என்னும் பெயர்கள் பொறித்த பானையோடுகள் கிடைத்தன. மற்றோர் ஓட்டில் இருந்த எழுத்தை ஐராவதம் மகாதேவன் ‘பானை ஒறி’ என்று வாசித்தார். ஒறி என்பது நம் வீடுகளிலே தொங்கிய உறிதான். தெற்கேயுள்ள பெரனிகே துறைமுகத்துக் கோயிலிலே, இந்தியச் சாடி ஒன்றினுள் ஏழு கிலோவுக்கு மேற்பட்ட மிளகு இருந்தது. இவ்வெழுத்துக்களைப் பொறித்தவர்கள் நேரில் வந்தனரோ, அவர்கள் பானைகள் மட்டும் வந்தனவோ, தமிழ் அக்கரையைத் தொட்டது உறுதி.

எஞ்சிய இரு நாட்களும் ஓய்வுக்கு. நீர் தெளிந்தது, முருகைக் கற்பாறைகளின் இடையே பல நிற மீன்கள் திரிவதைக் கரையருகிலேயே காணலாம். முருகை உயிருள்ளது, அதன்மேற் காலூன்றலாகாது. பழைய ஓடுகளைக் கையிலெடுத்துச் செல்வதும் அந்நாட்டுச் சட்டப்படி குற்றம்.

மன்னர்கள் தம் பெயர் நிலைக்கவேண்டுமென்று மலைபோற் கல்லடுக்கினர். மேரரும் சாதனும் அவ்வாறு எண்ணி எழுதவில்லை. ஒருவன் தன் வேலைக்குக் கணக்கு வைத்தான், மற்றவன் தன் பானைக்கு அடையாளம் இட்டான். அவையும் நிலைத்தன. பிரமிட்டைப் பார்த்துத் திரும்புபவர் அரசரைக் கண்டவராவர். கடற்கரை வரை செல்பவர் அந்த உழைப்பாளிகளையும் கண்டு திரும்புவர்.