சுங்கச்சாவடியில் பிறந்த வாரிசுகள்

பொருள்நோக்கு நிரலாக்கம் படிக்க வரும் பிள்ளைகளுக்கு முதலில் காட்டப்படுவது ஒரு விலங்குப் பண்ணை. 'விலங்கு' என்றொரு கிளாஸ், அதற்கு வாரிசுகளாக நாயும் பூனையும். நாய் குரைக்கும், பூனை மியாவ் என்னும். பரீட்சைக்கு இது போதும். எதற்காக இந்த ஏற்பாடு என்பது மட்டும் கடைசிவரை பிடிபடாது.

பிடிபட வேண்டுமானால் ஒரு பாலத்துச் சுங்கச்சாவடிக்குப் போக வேண்டும். 1960களில் ஆஸ்லோவில், நார்வே கணிப்பு மையத்தில், ஓலே-யோஹான் டாலும் கிறிஸ்டன் நைகார்டும் சிமுலா மொழியை உருவாக்கிக்கொண்டிருந்தார்கள். வெளியே நடப்பதைக் கணினிக்குள் நடத்திப் பார்ப்பதற்கான மொழி அது. அவர்கள் வைத்துப் பார்த்த உதாரணங்களில் ஒன்று இது: பாலம், சாவடி, வரிசையில் லாரி, பஸ், கார். மூன்றையும் தனித்தனியாக எழுதினால் பாதி ஒரே சங்கதி. பொதுவானதை ஓரிடத்தில் எழுதிவிட்டு, லாரிக்கே உரியதை மட்டும் அதன்மேல் சேர்த்தால் என்ன? 1967இன் சிமுலாவில் இது மொழியின் இலக்கணமாகவே ஆனது. இதைத்தான் இன்று மரபுரிமம் என்கிறோம்.

எழுதியதையே திரும்ப எழுதாமல் தப்பிப்பது சின்ன லாபம்தான். பெரிய லாபம் பல்லுருவாக்கத்தில் இருக்கிறது. கட்டணம் வாங்கும் நிரலைப் புதிதாகப் படிப்பவர் எப்படி எழுதுவார்? லாரியா, இவ்வளவு, இல்லை, பஸ்ஸா, அவ்வளவு என்று ஓர் இஃப்-எல்ஸ் ஏணி கட்டுவார். நாளைக்கு ஆம்புலன்ஸ் வந்தால் ஏணியில் ஒரு படி கூட்ட வேண்டும். ரசீதுக்கு ஓர் ஏணி, மாதக் கணக்குக்கு ஓர் ஏணி இருந்தால் அவற்றிலும்தான். ஏதோ ஒன்றில் மறந்துதான் போவோம்.

இதற்குப் பதில் 'வண்டி.கட்டணம்()' என்று ஒரே வரி. வந்திருப்பது யார் என்று சாவடி கேட்பதே இல்லை. லாரி தன் தொகையைச் சொல்லும், ஆம்புலன்ஸ் பூஜ்யம் என்று சொல்லும். யாருடைய பதில் என்பது நிரல் ஓடும்போதுதான் முடிவாகிறது. பல்லுருவாக்கம் என்பது இதுதான். சி++இல் வழக்கமாக இதற்கென்று கிளாஸுக்கு ஒரு முகவரி அட்டவணை இருக்கும். ஒவ்வொரு பொருளும் தன் அட்டவணையைச் சுட்டும் பாயின்ட்டர் ஒன்றை வைத்திருக்கும். அதைப் பார்த்து உரிய இடத்துக்குத் தாவுவதுதான் மொத்த மாயமும். பொது வண்டியின் கிளாஸில் கட்டணம்() என்பதற்கு முன் 'விர்ச்சுவல்' என்று எழுத மறந்தீர்களோ, அட்டவணைப் பக்கமே போகாது. ஆம்புலன்ஸுக்கும் பொது வண்டியின் கட்டணம்தான். ஜாவாவிலிருந்து வருபவர்கள் வழுக்கி விழும் இடம் இது. அந்த 'விர்ச்சுவல்' என்ற சொல்கூட சிமுலா கொடுத்ததுதான்.

ருசி கண்டபின் எல்லாவற்றையும் வாரிசாக்கத் தோன்றும். அங்கே கொஞ்சம் நிதானம் வேண்டும். வாரிசை மூதாதையின் இடத்தில் நிறுத்தினால் நிரலுக்கு வித்தியாசமே தெரியக் கூடாது என்ற கருத்தை பார்பரா லிஸ்கோவ் 1987இல் முன்வைத்தார். கணக்குப் புத்தகத்தில் சதுரமும் ஒரு செவ்வகம்தான். அதை நம்பிச் செவ்வகத்துக்கு வாரிசாக்கிப் பாருங்கள். அகலம் 5 என்று வைக்கிறோம், பிறகு உயரம் 4. சதுரமோ தன் இயல்புப்படி அகலத்தையும் சத்தமில்லாமல் 4 ஆக்கிக்கொள்கிறது. 20 வர வேண்டிய பரப்பளவு 16 என்று வந்து நிற்கும். எந்தப் பிழைச் செய்தியும் வராது.