உலோகத்தில் எழுதும் ஒளி: வெட்டுகிறதா, சுடுகிறதா?

பத்தாம் வகுப்பில் ஒளியியல் பாடம் நடத்தும்போது, "இயந்திர உதிரிபாகங்களில் எண்களை வெட்டி எழுதவும் லேசர் பயன்படுகிறது" என்று சொன்னேன். மறுநாள் ஒரு மாணவன் இரண்டு எஃகுத் துண்டுகளைக் கொண்டுவந்து மேசையில் வைத்தான். அவனுடைய அப்பா கோவையில் பம்பு உதிரிபாகங்கள் செய்யும் பட்டறையில் வேலை பார்க்கிறார். "சார், ரெண்டுமே லேசர்ல எழுதுனதுதான். ஆனா ஒண்ணுல வெட்டவே இல்ல, தடவிப் பாருங்க" என்றான்.

தடவினேன். ஒன்றில் நகம் பள்ளத்தில் சிக்கியது. மற்றொன்றில் எழுத்து கருப்பாகத் தெரிந்தது. பரப்பு மட்டும் வழவழவென்று இருந்தது. நான் சொன்னது பாதிதான் சரி என்று வகுப்பிலேயே ஒப்புக்கொண்டேன். மீதிப் பாதியைத் தேடித் தெரிந்துகொண்டதைத்தான் இங்கே பகிர்கிறேன்.

ஏன் எழுத வேண்டும்?

ஓர் உதிரிபாகம் பழுதானால் அது எந்த நாளில், எந்தத் தொகுதியில் செய்யப்பட்டது என்று கண்டுபிடிக்க வேண்டும். அதே தொகுதியில் வந்த மற்றவற்றைத் திரும்பப் பெறுவதற்கும் அந்த எண்தான் துணை. மையில் அச்சிட்டால் எண்ணெயிலும் உராய்விலும் அழிந்துவிடும். அதனால்தான் உலோகத்திலேயே எழுதுகிறார்கள்.

ஒரே கருவி, வேறு வேறு விளைவு

உலோகத்தில் எழுதப் பெரும்பாலும் பயன்படுவது இட்டெர்பியம் கலந்த ஃபைபர் லேசர். இதன் அலைநீளம் சுமார் 1064 நானோமீட்டர். கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளி. இரண்டு சிறு ஆடிகள் அசைந்து கதிரைத் திருப்ப, ஒரு லென்ஸ் அதைப் புள்ளியாகக் குவிக்கிறது.

லேசர் தருவது வெப்பம் மட்டுமே. எவ்வளவு ஆற்றல், எவ்வளவு நேரத்தில் என்பதுதான் விளைவை முடிவு செய்கிறது.

1. பொறித்தல்: உலோகம் உருகி ஆவியாகிப் பள்ளம் விழும். மேலே பெயின்ட் அடித்தாலும் எண் மறையாது.

2. மேற்பரப்பை உருக்குதல்: மேல்தோல் மட்டும் உருகி உறையும். ஆழம் மிகக் குறைவு. வேலை வேகமாக முடியும்.

3. நிறமாற்றம்: உருகுநிலைக்குக் கீழே மெதுவாகச் சூடேற்றினால் எஃகின் மேல் மெல்லிய ஆக்சைடு படலம் வளர்ந்து நிறம் தரும். மாணவன் கொண்டுவந்த வழவழப்பான துண்டு இந்த வகைதான். அலுமினியத்தில் இது நடக்காது. அதன் ஆக்சைடு நிறமற்றது. அதனால் நிறமேற்றிய பூச்சு உள்ள அலுமினியத்தில் பூச்சை மட்டும் நீக்கி எழுதுகிறார்கள்.

எந்த முறை என்பது விருப்பத்தைப் பொறுத்தது அல்ல. சுழலும் தண்டில் ஆழமாகப் பொறித்தால் அந்தப் பள்ளத்திலிருந்தே விரிசல் தொடங்கலாம். அறுவைச் சிகிச்சைக் கருவியில் பள்ளம் இருந்தால் அழுக்கு தங்கும். அங்கே நிறமாற்றமே ஏற்றது. அதிலும் வெப்பம் மிகுந்தால் எவர்சில்வரைக் காக்கும் குரோமியம் படலம் கெட்டு, எழுத்தின் மேலேயே துருப்பிடிக்கும்.

கணக்கு வகுப்புக்கு ஒரு கணக்கு

20 வாட் லேசர் நொடிக்கு 20,000 துடிப்புகளை வெளியிடுவதாகக் கொள்வோம். ஒரு துடிப்பின் ஆற்றல் 20 ÷ 20,000 = 0.001 ஜூல். அந்தத் துடிப்பு 100 நானோ நொடிக்குள் முடிந்தால், அந்தக் கணத்தில் அதன் திறன் 10,000 வாட்! ஒரு எல்.இ.டி. டியூப்லைட் அளவு மின்திறன் எஃகை ஆவியாக்குவது இப்படித்தான். திறன் = ஆற்றல் ÷ காலம் என்ற சூத்திரம் மாணவர்களுக்கு அன்று உயிர் பெற்றது.

வகுப்பில் செய்து காட்ட

முலாம் பூசாத நீண்ட இரும்பு ஆணியை உப்புத்தாளால் பளபளப்பாகத் தேய்த்துக்கொள்ளுங்கள். இடுக்கியில் பிடித்து, ஒரு முனையை மட்டும் சுடரில் காட்டுங்கள். இதை ஆசிரியரே செய்ய வேண்டும். வைக்கோல் மஞ்சள், பழுப்பு, ஊதா, நீலம் என்று நிறப்பட்டைகள் தோன்றும். மஞ்சள் சுமார் 230 டிகிரி செல்சியஸிலும் நீலம் சுமார் 300 டிகிரியிலும் வரும். மழைநீரில் மிதக்கும் எண்ணெய்ப் படலத்தில் தெரியும் நிறங்களும் இதே ஒளிக் குறுக்கீட்டு விளைவால் வருபவையே.

மறக்காமல் சொல்ல வேண்டியது

நம் பிள்ளைகளில் சிலர் நாளை ஐ.டி.ஐ. முடித்து இந்த இயந்திரங்களின் முன் நிற்பார்கள். அங்கே தெரியும் சிவப்புப் புள்ளி, எழுதும் இடத்தைக் காட்டும் வழிகாட்டி ஒளி மட்டுமே. எழுதும் கதிர் கண்ணுக்குத் தெரியாது. தெரியாததால் இமை தானாக மூடாது. கண்ணின் லென்ஸோ அதை விழித்திரையில் குவித்துவிடும். பளபளப்பான உலோகத்தில் பட்டுத் திரும்பும் கதிரும் ஆபத்தே. சாதாரணக் கறுப்புக் கண்ணாடி காப்பாற்றாது. அந்த அலைநீளத்துக்கென்று செய்த கண்ணாடியே வேண்டும்.

இதைச் சொன்னதும் அந்த மாணவன் கேட்டான்: "அப்பா கண்ணாடி போடுறாரான்னு கேக்கணும் சார்." அன்றைய பாடத்தில் இதைவிட முக்கியமான கேள்வி வேறெதுவும் இல்லை.