பிற கலாசாலைக் கல்வியும் பல்கலைக்கழக அங்கீகாரமும்

சென்னைப் பல்கலைக்கழகம் 1857-ஆம் ஆண்டிலே நிறுவப்பட்டது. அதன் முதற் பட்டதாரிகளாய் வெளிப்போந்த இருவரும் யாழ்ப்பாணத்தவர் என்பது ஈழநாட்டார் பெருமையோடு எடுத்துரைக்கும் செய்தி. ஒருவர் சிறுப்பிட்டியிற் பிறந்த சி. வை. தாமோதரம்பிள்ளை; மற்றவர் கறல் விசுவநாதபிள்ளை. இருவரும் வட்டுக்கோட்டைச் செமினரியிற் கற்றவர்கள். 1823-ஆம் ஆண்டிலே தொடங்கப்பெற்ற அச்செமினரி 1855-இல் மூடப்பட்டது. ஆகவே, பட்டம் வழங்கிய பல்கலைக்கழகம் பிறப்பதற்கு இரண்டாண்டு முன்னரே, அப்பட்டத்துக்கு வேண்டிய அறிவை ஊட்டிய கலாசாலை மறைந்துபோயிற்று. கல்வி ஓரிடத்ததாகவும் அதற்கு மதிப்பளிக்கும் அதிகாரம் வேறோரிடத்ததாகவும் இருந்தமைக்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

அந்நிலை யாழ்ப்பாணத்தில் ஒரு நூற்றாண்டுக்கு மேலாக நீடித்தது. 1890-களில் யாழ்ப்பாணக் கல்லூரியும் யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரியும் கல்கத்தாப் பல்கலைக்கழகத்தோடு இணைப்புப் பெற்றிருந்தன. அவ்விணைப்பு நெடுங்காலம் நிலைக்கவில்லை. இலண்டன் பல்கலைக்கழகமோ 1858-ஆம் ஆண்டின் அரச சாசனத்தால், மருத்துவம் ஒழிந்த பிற துறைகளில், எங்குக் கற்றவரும் தன் பரீட்சைக்குத் தோற்றலாம் என வாயிலைத் திறந்துவிட்டது. 1921-இல் கொழும்பிலே பல்கலைக்கழகக் கல்லூரி தோன்றியபோதும், தனக்கெனப் பட்டம் வழங்கும் உரிமை அதற்கு இருக்கவில்லை. அதன் மாணவர் பெற்றதும் இலண்டன் பட்டமே. 1942-இல் இலங்கைப் பல்கலைக்கழகம் நிறுவப்பட்ட பின்னரே இந்நாட்டிற் கற்ற கல்விக்கு இந்நாட்டிலேயே பட்டம் கிடைத்தது. அதன் பின்னரும், பகலில் வகுப்பறையிற் கரும்பலகை முன்னின்று இரவில் விளக்கொளியிலே புத்தகம் விரித்து, வெளிவாரியாகப் பட்டம் பெற்ற ஆசிரியர் தொகை நம்மூர்களிற் சிறிதன்று.

இவ்வெளிவாரி முறையின் இயல்பை ஊன்றி நோக்குதல் வேண்டும். அது மாணவனை நோக்கிக் கேட்ட வினா ஒன்றே: உனக்குத் தெரிந்தது யாது? எங்கே கற்றாய், யாரிடம் கற்றாய், எத்தனை மணி நேரம் விரிவுரை கேட்டாய் என்று அது கேட்டதில்லை. ஏழைக்கும் தூரத்தவனுக்கும் அது செய்த உபகாரம் பெரிது. ஆனால் அம்முறைக்கு ஒரு குறையும் உண்டு. அது முழுமையையே அறியும், பாதியை அறியாது. இரண்டாண்டு முயன்று கற்று, இறுதிப் பரீட்சைக்கு முன் இடையூறுற்று நின்றவன் கையில் எஞ்சுவது பெரும்பாலும் புத்தகங்களே.

பாதிப் படிப்பின் அவலம் இன்னதென்று திருநெல்வேலி நன்கறியும். சேர் பொன்னம்பலம் இராமநாதன் 1921-இல் நிறுவிய பரமேசுவராக் கல்லூரியின் வளாகத்திலே, 1974-ஆம் ஆண்டு ஐப்பசி மாதம் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் யாழ்ப்பாண வளாகம் திறக்கப்பட்டது. 1979 தை முதல் அது தனிப் பல்கலைக்கழகமாயிற்று. நான்காண்டு கழிந்து, 1983 ஆடிக் கலவரத்தின் பின், தென்னிலங்கைப் பல்கலைக்கழகங்களிலே பயின்ற தமிழ் மாணவர் பலர் படிப்பை இடையில் விட்டு வடக்கே வந்தனர். ஓராண்டு முடித்தவரும், ஈராண்டு முடித்தவரும், இறுதிப் பரீட்சைக்கு ஆயத்தமானவரும் அவருள் இருந்தனர். படிப்பைத் தொடர வழிசெய்யுமாறு அவர்கள் கோரினர். 1984-இன் தொடக்கத்தில், அக்கோரிக்கையை முன்வைத்துத் திருநெல்வேலி வளாகத்திலே மாணவர் சிலர் உண்ணாநோன்பும் இருந்தனர். அரசியல் ஒருபுறம் நிற்க, அங்கே எழுந்த கல்வி வினா இது: வேறொரு பல்கலைக்கழகத்திற் கற்று முடித்த பகுதியை இப்பல்கலைக்கழகம் தன்னதாக ஏற்குமா? ஏற்குமெனின் எவ்வளவை ஏற்கும்?

சட்டம் இதற்கு இடமளித்தே இருக்கிறது. 1978-ஆம் ஆண்டின் 16-ஆம் இலக்கப் பல்கலைக்கழகங்கள் சட்டம், ஒரு பல்கலைக்கழகம் தன் மாணவர் பிற பல்கலைக்கழகங்களிலோ கல்விநிலையங்களிலோ சித்தியடைந்த பரீட்சைகளையும், அங்கே கற்ற காலப்பகுதிகளையும் தன்னுடையவற்றுக்குச் சமமாகக் கொள்ளலாம் என்று அதிகாரம் தந்துள்ளது. இங்குக் கவனிக்கத்தக்கது யாதெனின், சட்டம் தருவது பல்கலைக்கழகத்துக்கு அதிகாரம், மாணவனுக்கு உரிமையன்று. கொள்ளலாம் என்பதற்கும் கொள்ளல் வேண்டும் என்பதற்கும் உள்ள தூரத்திலேதான் மாணவனின் ஓராண்டு தங்கியும் போகிறது, தொலைந்தும் போகிறது.

அவ்வதிகாரத்தைச் செலுத்த ஓர் அளவுகோல் வேண்டும். அதுவே இக்காலத்திற் கிறெடிற் என வழங்கும் மதிப்பலகு. வலிகாமத்தான் காணியைப் பரப்பாற் கணக்கிடுவான். வன்னியான் ஏக்கராற் கணக்கிடுவான். பதினாறு பரப்பு ஓர் ஏக்கர் என்னும் வாய்பாடு தெரிந்தாலன்றி இருவர்க்கும் பேரம் நடவாது. இலங்கையில் 2012-இல் வகுக்கப்பட்டு 2015-இல் திருத்தப்பட்ட தகைமைச் சட்டகம் அத்தகைய வாய்பாட்டைத் தந்திருக்கிறது. அதன்படி ஒரு மதிப்பலகு என்பது ஐம்பது மணி நேரக் கற்றல். விரிவுரை கேட்பதும், தனித்துப் படிப்பதும், ஒப்படை எழுதுவதும், பரீட்சைக்கு ஆயத்தமாவதும் அதனுள் அடங்கும். ஓராண்டுக்கு முப்பது, மூன்றாண்டுப் பட்டத்துக்குத் தொண்ணூறு, நான்காண்டுச் சிறப்புப் பட்டத்துக்கு நூற்றிருபது.

ஐரோப்பிய நாடுகளின் அளவு வேறு. அங்கே ஓராண்டுக்கு அறுபது அலகு. ஓர் அலகுக்கு இருபத்தைந்து முதல் முப்பது மணி நேரம். ஆகவே ஐரோப்பியப் பல்கலைக்கழகம் ஒன்றில் ஆறு அலகுடைய பாடநெறியைப் படித்தவன், குறைந்த கணக்கில் நூற்றைம்பது மணி நேரம் படித்தவனாகிறான். இலங்கைக் கணக்கில் அது மூன்று. ஆறு பெற்று வந்தேனே, மூன்றுதானா என்று அவன் வருந்துவது வீண். நிலம் குறையவில்லை, அளவுகோலே மாறிற்று.

அமெரிக்கக் கணக்கு இதனினும் நுட்பமானது. அங்கே மூன்று அலகுப் பாடம் என்றால், பதினைந்து வாரம், வாரத்துக்கு மூன்று மணி நேர வகுப்பு, ஒவ்வொரு மணிக்கும் வகுப்புக்கு வெளியே இரண்டு மணி நேர உழைப்பு எனப் பொதுவாகக் கொள்வர். வகுப்பு நாற்பத்தைந்து, தனியுழைப்புத் தொண்ணூறு. மொத்தம் நூற்று முப்பத்தைந்து. இலங்கையிலே விரிவுரைப் பாடத்துக்கு ஒரு மதிப்பலகு பதினைந்து மணி நேர வகுப்பெனக் கொள்ளப்படுவதால், வகுப்பு நேரத்தைக் கொண்டு பார்ப்பவர்க்கு இது சரியாக மூன்று. மொத்தக் கற்றல் நேரத்தைக் கொண்டு ஐம்பதால் வகுப்பவர்க்கு இது மூன்றுக்குச் சற்றுக் குறைவு. ஒரே பாடம், ஒரே மாணவன், இரு விடைகள். எந்தக் கணக்கைத் தன் பீடம் கைக்கொள்ளும் என்பதைக் கப்பலேறு முன் கேட்டறியாதவன், திரும்பி வந்தபின் அரை அலகுக்காக ஓர் அரையாண்டு காத்திருக்க நேரலாம்.

மணிக்கணக்கு ஒத்தால் மட்டும் போதாது. பாடத்தின் உள்ளடக்கமும் தரமும் ஒத்தல் வேண்டும். முதலாண்டுக்குரிய அறிமுகப் பாடத்தைப் படித்துவிட்டு மூன்றாமாண்டுப் பாடத்துக்கு ஈடு கேட்பது முறையன்று. பாடத்தலைப்பை மாத்திரம் நம்புவதும் ஆபத்தே. தென்னாசிய வரலாறு என்னுந் தலைப்பின் கீழ் ஒரு பல்கலைக்கழகம் மொகலாயர் ஆட்சியைக் கற்பிக்கும். மற்றொன்று 1947-க்குப் பிந்திய அரசியலைக் கற்பிக்கும். ஆதலின் விண்ணப்பத்தோடு செல்ல வேண்டியது தலைப்பன்று. வாரவாரியான பாடத்திட்டம், வகுப்பு நேரம், படிக்க வேண்டிய நூல்கள், மதிப்பீட்டு முறை, அக்கல்விநிலையம் தன் நாட்டு அதிகாரிகளால் அங்கீகரிக்கப்பட்டது என்பதற்கான சான்று ஆகியன. திருநெல்வேலி மாணவனுக்கு இன்னுமொரு வேலை உண்டு. அவன் தமிழிற் கற்ற கலைப்பாடம் ஒன்றை வெளிநாட்டார் ஏற்க வேண்டுமாயின், அதன் பாடத்திட்டம் ஆங்கிலத்தில் மொழிபெயர்க்கப்பட்டுப் பல்கலைக்கழக முத்திரை பெற்றிருத்தல் வேண்டும். மாணவனே மொழிபெயர்த்துத் தானே ஒப்பமிட்ட தாளுக்கு மதிப்பில்லை.

விண்ணப்பம் செல்லும் வழியையும் அறிந்திருத்தல் நன்று. முதலிற் பார்ப்பவர் துறைத் தலைவர். பாடம் பாடத்துக்கு ஈடாகுமா என்று சொல்லத்தக்கவர் அவரும் அப்பாடத்தைக் கற்பிக்கும் விரிவுரையாளருமே. பின் அது பீடச்சபைக்குப் போகும். அதன்பின் மூதவைக்குப் போகும். கல்வி சம்பந்தமான முடிபுகளுக்கு மூதவையே உச்ச சபை. இச்சபைகள் மாதத்துக்கு ஒருமுறை கூடுவன எனக் கொண்டால், ஒரு கூட்டத்துக்கு ஒருநாள் பிந்திய விண்ணப்பம் ஒரு மாதம் பிந்துகிறது. ஒரு தாள் குறைந்து திருப்பப்பட்டால் மறுபடியும் ஒரு மாதம். மூன்று மாதத்துக்கு முன் கொடுத்த விண்ணப்பமே காலத்தோடு கொடுத்த விண்ணப்பம் எனல் மிகையன்று. விரிவுரையாளர் ஒருவர் தாழ்வாரத்தில் நின்று, போய் வாரும் தம்பி, பார்த்துக்கொள்ளலாம் என்று அன்பினாற் சொல்லும் வார்த்தை அங்கீகாரமாகாது. அவர் அடுத்த ஆண்டு விடுமுறையிற் போய்விடலாம். துறைத் தலைவர் மாறலாம். கூட்டக்குறிப்பில் இல்லாத வாக்குறுதியை எவரும் தேடிக் காணமாட்டார்.

1987-இல் ஐரோப்பாவில் எராஸ்முஸ் என்னும் மாணவர் பரிமாற்றத் திட்டம் தொடங்கப்பெற்றது. அத்திட்டத்தில் மாணவன் புறப்படு முன்னரே ஒரு கற்கை உடன்படிக்கை எழுதப்படும். மாணவன், அனுப்பும் கல்விநிலையம், ஏற்கும் கல்விநிலையம் ஆகிய முத்திறத்தாரும் அதில் ஒப்பமிடுவர். எந்தப் பாடம் எந்தப் பாடத்துக்கு ஈடு என்பது அதிலே குறிக்கப்படும். இடையிற் பாடம் மாறின் உடன்படிக்கையும் திருத்தப்படும். காணி உறுதி எழுதாமல் வளவுக்கு வேலி அடைப்பவர் யாழ்ப்பாணத்தில் இல்லை. படிப்புக்கு மட்டும் உறுதி வேண்டாமென எண்ணுவது எங்ஙனம்?

இந்தியாவிலே 2021-ஆம் ஆண்டு முதல் மதிப்பலகு வங்கி ஒன்று ஏற்படுத்தப்பட்டிருக்கிறது. மாணவன் பல கல்விநிலையங்களில் ஈட்டிய அலகுகள் அவன் கணக்கில் வைப்பாகச் சேரும். எனினும் பட்டத்துக்கு வேண்டிய அலகுகளிற் குறைந்தது பாதியையாவது பட்டம் வழங்கும் நிலையத்திலேயே ஈட்டல் வேண்டும் என்று அங்கும் வரம்பிட்டனர். இவ்வரம்பு குறுகிய மனத்தின் விளைவன்று. பட்டத்தாளிலே துணைவேந்தர் ஒப்பமிடுவது, இவன் எம்மிடம் கற்றான் என்று உலகுக்கு உறுதி கூறுதற்கே. கற்றதிற் பெரும்பங்கு பிறரிடம் எனின் அவ்வுறுதி பொய்யாகும். புள்ளிகளின் நிலை வேறு. அலகை ஏற்று, பிறரிட்ட புள்ளியை வகுப்புச் சித்திக் கணிப்பிற் சேர்க்காது விடும் பல்கலைக்கழகங்கள் உலகில் உள. முதல் வகுப்பை நாடும் மாணவன் இதனையும் முன்னரே கேட்டறிதல் வேண்டும்.

இதுகாறும் கூறியவை மாணவன் கடமை. பல்கலைக்கழகத்தின் கடமை யாது? 1997-ஆம் ஆண்டிலே லிஸ்பனில் நிறைவேறிய ஐரோப்பிய உடன்படிக்கை இதில் ஒரு புதுநெறி வகுத்தது. பிற நாட்டுத் தகைமையை ஏற்க மறுக்கும் நிலையமே, தன் கல்விக்கும் அதற்கும் இடையே பாரிய வேறுபாடு இருப்பதைக் காட்டல் வேண்டும் என்பது அந்நெறி. வேண்டிய தாள்களைத் தருவதே மாணவன் பொறுப்பு. வேறுபாட்டை நிறுவுவது மறுப்பவர் பொறுப்பு. இலங்கையை அவ்வுடன்படிக்கை கட்டுப்படுத்தாது. ஆயினும் அதன் நியாயம் எல்லை கடந்தது. எம்முடையதைப் போலவே இருக்கிறதா என்று கேட்கும் சபைக்குப் பெரும்பாலும் கிடைக்கும் விடை, இல்லை என்பதே. எந்தப் பாடமும் மற்றொன்றின் பிரதியன்று. மாணவன் அடுத்த படியைக் கற்கத் தடையாகும் அளவுக்கு வேறுபடுகிறதா என்று கேட்பதே பொருத்தமான வினா. பொருளியல் இரண்டாம் பாடத்தைத் தொடரத்தக்க அறிவு அவனிடம் இருப்பின், முதற் பாடத்தை அவன் கொழும்பிற் கற்றாலென், கோயம்புத்தூரிற் கற்றாலென்?

மறுக்குமிடத்துக் காரணத்தை எழுதிக் கொடுத்தலும் வேண்டும். காரணம் தெரிந்தவன் வேறு பாடத்தைத் தேர்வான், அல்லது குறைந்த பகுதியை மட்டும் படித்துப் பரீட்சை எழுதச் சம்மதம் கேட்பான். காரணம் கூறாத மறுப்பு அவனை மறுபடியும் கந்தோர் வாசலிலே நிறுத்தும். தவிரவும், ஒரு துறை ஒருமுறை ஆராய்ந்து அளித்த தீர்ப்பைப் பதிந்து வைத்தால், அதே கல்விநிலையத்தின் அதே பாடத்துக்காக அடுத்த ஆண்டு வரும் மாணவன் மூன்று மாதம் காத்திருக்க வேண்டியதில்லை. அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் பல இத்தகைய ஈட்டுப் பட்டியலை யாவரும் பார்க்குமாறு வெளியிட்டு வைக்கின்றன. அதற்குப் பெரும்பொருள் வேண்டுவதில்லை. கூட்டக்குறிப்புகளை வகைப்படுத்தும் ஓர் எழுதுவினைஞரும், ஆண்டுதோறும் அதனைப் பார்வையிட்டுத் திருத்தும் ஒரு விரிவுரையாளரும் போதும்.